ட்ரோல், வசவு, சைபர் புல்லியிங்: எதுக்கு என்ன பண்ணணும், படிப்படியா ஒரு முழு வழிகாட்டி

ஆன்லைன்ல யாராவது அசிங்கமா திட்டு வாங்கிட்டு வந்து நம்மகிட்ட புலம்புனா நாம எல்லாரும் சொல்றது ஒரே பதில்தான், "கண்டுக்காத, விடு". நானும் பல வருஷமா அதையேதான் சொல்லிட்டு இருந்தேன். நாலஞ்சு க்ரூப்புக்கு அட்மினா இருந்திருக்கேன், விடிஞ்சா அடைஞ்சா பஞ்சாயத்துதான், அதனால எனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நெனப்பு வேற.

அப்புறம் என் அக்கா பொண்ணு விஷயம் வந்துச்சு. பத்தாவது படிச்சுட்டு இருந்தா. போனை எப்பவும் கவுத்தே வச்சிருப்பா, அது லேசா வைப்ரேட் ஆனாலே தோள் ரெண்டும் மேல ஏறும், எடுத்தும் பார்க்க மாட்டா. "யாருடி?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல சித்தி, கிளாஸ் க்ரூப்". கொஞ்சம் நோண்டினதுல "கலாய்க்கிறாங்க சித்தி"ன்னா, அவ்ளோதான். நானும் பெரிய மேதாவி மாதிரி "கண்டுக்காத, ரெண்டு நாள்ல அடங்கிடுவாங்க"ன்னு சொல்லிட்டு என் வேலையப் பார்க்கப் போயிட்டேன். அதுக்கப்புறம் மூணு மாசம் அவ எங்கிட்ட அதைப் பத்தி வாயே திறக்கல.

நடந்தது என்னன்னா, அவ ஏதோ சாப்பிடுறப்ப வாயைக் கோணி வச்சிருந்த மாதிரி ஒரு போட்டோவை எவனோ ஸ்டிக்கரா மாத்திட்டான், அவளை மட்டும் விட்டுட்டு கிளாஸே சேர்ந்து தனியா ஒரு க்ரூப் ஆரம்பிச்சு எதுக்கெடுத்தாலும் அந்த ஸ்டிக்கரைப் போட்டுச் சிரிச்சிருக்காங்க. ஸ்டிக்கர்ல என்ன கஷ்டம்னா, ஒருத்தன் டெலீட் பண்ணா போகாது, பார்த்தவன் எல்லாம் ஃபேவரிட்ல போட்டு வச்சுக்குவான். இதுல "கண்டுக்காத"ன்னா எதைக் கண்டுக்காம இருக்கணும்? அவ இல்லாத இடத்துல நடக்குறதையா?

அன்னைக்குத்தான் புரிஞ்சது, ட்ரோல் வேற, வசவு வேற, புல்லியிங் வேற, ஒண்ணுக்குக் கேக்குற மருந்து இன்னொண்ணுக்குக் கேக்காது, சில சமயம் விஷமாவே ஆயிடும்னு.

முதல் படி: நடக்குறது எதுன்னு மொதல்ல கண்டுபிடிங்க

ட்ரோல்ன்ற வார்த்தையைக் கேட்டா எல்லாரும் கதைல வர்ற பூதத்தை நெனைக்கிறாங்க. ஆனா தூண்டில்ல இரையை மாட்டி படகுக்குப் பின்னாடி மெதுவா இழுத்துட்டே போற ஒரு மீன்பிடி முறைக்கும் அதே பேருதான், 1990கள்ல யூஸ்நெட்னு இணையத்துல பழைய விவாதக் குழுக்கள் இருந்த காலத்துல இப்படித் தூண்டில் போடுறதைத்தான் ட்ரோலிங்னு சொன்னாங்க. இதை மனசுல வச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. அவன் போடுறது இரை, அவனுக்கு வேண்டியது உங்க கோபம். விஷயம் என்னன்னு அவனுக்குக் கவலையே கிடையாது. நீங்க ஒண்ணுக்குப் பதில் சொன்னா அதை விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவுவான், அதுக்கும் சொன்னா "சும்மாதானே கேட்டேன், ஏன் டென்ஷன் ஆகுறீங்க?"ன்னு வரும். கெட்ட வார்த்தையே இல்லாம ரொம்பப் பணிவா, ஆதாரம் குடுங்க, இன்னொரு ஆதாரம் குடுங்க, இது போதாதேன்னு நாள் பூரா உங்களை ஓட விடுறவனும் ட்ரோல்தான், என்னைக் கேட்டா இவன்தான் திட்டுறவனை விட மோசம், ஏன்னா பார்க்குறவங்களுக்கு நீங்கதான் கத்துற மாதிரி தெரியும்.

வசவுன்னா குறி நேரா உங்க மேல. உங்க உடம்பு, நிறம், மதம், பொறப்பு, பொண்ணா இருக்குறது, இதைப் பிடிச்சு அசிங்கப்படுத்துறது, கொன்னுடுவேன் ரேப் பண்ணிடுவேன்னு மிரட்டுறது, வீட்டு அட்ரஸையும் நம்பரையும் எடுத்துப் பொதுவுல போடுறது. இது ஒரு தடவை நடந்தாலே போதும், "திரும்பப் பண்ணா பார்க்கலாம்"னு காத்திருக்க வேண்டியதில்ல.

புல்லியிங் பத்தி பேசுனா நார்வேயில வருஷக்கணக்கா இதையே ஆராய்ச்சி பண்ண டான் ஓல்வியஸைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க, அவர் சொன்ன அடையாளம் மூணு: வேணும்னே பண்றது, திரும்பத் திரும்பப் பண்றது, பண்றவன் கை ஓங்கி இருக்குறது. இது ஸ்கூல் மைதானத்தைப் பார்த்துச் சொன்னது. ஆன்லைனுக்கு வர்றப்ப கொஞ்சம் மாத்திப் புரிஞ்சுக்கணும். ஒருத்தன் ஒரே ஒரு தடவைதான் போட்டோ போட்டான், ஆனா இருநூறு பேர் ஷேர் பண்ணிட்டாங்கன்னா, "திரும்பத் திரும்ப"ன்ற வேலைய மத்தவங்க செஞ்சு குடுத்துட்டாங்க. கை ஓங்குறதுன்னா உடம்பு பலம் இல்ல, ஆள் எண்ணிக்கை, அட்மின் பதவி, இல்ல உங்க போட்டோ ஒண்ணு அவன் போன்ல இருக்குறது.

குழப்பமா இருந்தா நான் போட்டுப் பார்க்குற ஒரே கேள்வி இதுதான்: நான் ரெண்டு வாரம் ஆன்லைன் பக்கமே வரலன்னா இது நிக்குமா? நிக்கும், அவன் வேற ஆளைத் தேடிப் போயிடுவான்னா ட்ரோல். நிக்காது, நான் இல்லாமலே நடக்கும், இல்ல வேற வழியா என்னைத் தேடி வருவான்னா அது வேற லெவல், கீழ இருக்குற படி எல்லாம் அதுக்குத்தான்.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும், "நீங்க போட்ட கணக்கு தப்பு"ன்னு ஒருத்தர் சொன்னா அது ட்ரோல் இல்ல. கடுப்பா சொன்னாக் கூட இல்ல. இப்பல்லாம் மாத்திப் பேசுறவன் எல்லாம் ட்ரோலுன்னு முத்திரை குத்தி பிளாக் பண்ற பழக்கம் வந்துடுச்சு, அதனால நிஜமா அடி வாங்குறவங்க வந்து சொல்றப்ப யாரும் நம்ப மாட்டேங்குறாங்க.

ரெண்டாவது படி: ஏன் பண்றாங்கன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க

இது எதுக்குன்னு தோணும், ஆனா காரணம் தெரிஞ்சா "என்கிட்டதான் ஏதோ கோளாறு"ன்ற எண்ணம் கொஞ்சம் குறையும்.

ஜான் சூலர்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 2004ல எழுதினது இன்னைக்கும் பொருந்துது: முகம் தெரியல, பேர் தெரியல, எதிராளி கண்ணுல தண்ணி வர்றது தெரியல, சொல்லிட்டு ஓடிடலாம், பதில் வர்றப்ப நாம அங்க இருக்க வேண்டியதில்ல, தட்டிக் கேக்க ஆளும் இல்ல. இது எல்லாம் சேர்ந்தா நேர்ல வாயே திறக்காத ஆள் கூட கமெண்ட்ல காளி ஆட்டம் ஆடுவான். 2014ல கனடாவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ட்ரோல் பண்றதுதான் எனக்குப் பிடிச்ச பொழுதுபோக்குன்னு சொன்னவங்களை எடுத்துப் பார்த்தா அடுத்தவன் கஷ்டத்துல சந்தோஷப்படுற குணம் அவங்ககிட்ட தூக்கலா இருந்துச்சாம். ரைட்டு, அப்போ கெட்டவன் கெட்டது பண்றான், கதை முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க.

2017ல ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆளுங்க சேர்ந்து ஒரு சோதனை பண்ணாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். சாதாரண ஆளுங்களைக் கூப்பிட்டு, சிலருக்கு ஈஸியான கேள்வி குடுத்து நல்ல மூடுல வச்சாங்க, சிலருக்குக் கஷ்டமான கேள்வி குடுத்துக் கடுப்பேத்துனாங்க, அப்புறம் ஒரு கட்டுரைக்குக் கீழ கமெண்ட் போடச் சொன்னாங்க. நல்ல மூடு, மேல இருந்த கமெண்ட்டும் நல்ல கமெண்ட்னு இருந்தப்பவே 35 சதவீதம் பேர் வம்பு கமெண்ட் போட்டாங்க. கடுப்பான மூடு, மேலயும் ஏற்கனவே எவனோ வம்பு பண்ணி வச்சிருந்தான்னா அது 68 சதவீதம் ஆயிடுச்சு. கிட்டத்தட்ட டபுள். அதாவது முதல் ரெண்டு மூணு கமெண்ட் எப்படி விழுதோ அப்படித்தான் மிச்சமும் போகும். அட்மினா இருக்குறவங்க இதைச் செவத்துல எழுதி ஒட்டி வச்சுக்கலாம், முதல் அசிங்கமான கமெண்ட்டை அஞ்சு நிமிஷத்துல தூக்குறதும் அஞ்சு மணி நேரம் கழிச்சுத் தூக்குறதும் ஒண்ணு இல்ல.

மூணாவது படி: முதல் பத்து நிமிஷம் எதுவும் டைப் பண்ணாதீங்க

போனைக் கீழ வைங்க. தண்ணி குடிங்க, நடங்க, என்ன வேணா பண்ணுங்க, கீபோர்டு மட்டும் வேண்டாம். கை நடுங்குறப்ப அடிக்கிற பதில்தான் நாளைக்கு ஸ்க்ரீன்ஷாட்டா சுத்தும், அவன் முதல்ல என்ன சொன்னான்றது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அதே சமயம் எதையும் அழிக்கவும் அழிக்காதீங்க. அவமானம் தாங்காம எல்லாத்தையும் டெலீட் பண்ணிடுவாங்க, இல்ல கோபத்துல மொதல் வேலையா பிளாக் பண்ணிடுவாங்க. பல இடத்துல பிளாக் பண்ண உடனே அவன் ப்ரொஃபைலும் கமெண்ட்டும் உங்க கண்ணுக்கே தெரியாமப் போயிடும், அப்புறம் ஆதாரம் எடுக்க இன்னொருத்தர் போனைத் தேடி ஓடணும். வரிசை இதுதான்: மொதல்ல சேமி, அப்புறம் ரிப்போர்ட், கடைசியா பிளாக்.

நாலாவது படி: ஆதாரத்தை ஒழுங்கா எடுங்க

இதுல கொஞ்சம் நிதானமாவே சொல்றேன், ஏன்னா பத்துல ஒன்பது பேர் கொண்டு வர்ற ஸ்க்ரீன்ஷாட்டை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. வெறும் கமெண்ட் மட்டும் கட் பண்ணி, சுத்தி செவப்புல வட்டம் போட்டுக் கொண்டு வருவாங்க, எந்தப் பக்கம், எந்தத் தேதி, யார் போட்டது, எதுவுமே இருக்காது.

முழு ஸ்க்ரீனும் எடுங்க, கட் பண்ணாதீங்க. அந்தக் கமெண்ட்டுக்கு மேல என்ன பேச்சு ஓடுச்சுன்றதும் தெரியணும், இல்லன்னா "நான் பதிலுக்குத்தான் சொன்னேன்"னு அவன் கதை விடுவான். "2 மணி நேரம் முன்பு"ன்னு காட்டுனா அதைத் தட்டிப் பாருங்க, பல ஆப்ல முழுத் தேதியும் நேரமும் வரும். போஸ்ட்டோட லிங்க்கைக் காப்பி பண்ணி ஒரு நோட்ல போடுங்க. அவன் ப்ரொஃபைல் பக்கத்தையும் தனியா எடுங்க, லிங்க்கோட, ஏன்னா பேரையும் டிபியையும் அஞ்சு நிமிஷத்துல மாத்திடலாம். ஸ்டோரி, வாய்ஸ் மெசேஜ் மாதிரி மறையுற விஷயம்னா ஸ்க்ரீன் ரெக்கார்டு.

வாட்ஸ்அப்ல ஒரு விஷயம் கவனிங்க. நீங்க அவனை "ரமேஷ்"னு சேவ் பண்ணி வச்சிருந்தா ஸ்க்ரீன்ஷாட்ல ரமேஷ்னுதான் வரும், எந்த நம்பரை வேணா யார் பேர்ல வேணா சேவ் பண்ணலாமே, அதனால அந்தப் பேரைத் தட்டி உள்ள போய் நம்பர் தெரியுற பக்கத்தையும் எடுங்க. டிஸப்பியரிங் மெசேஜ் ஆன்ல இருந்தா நாள் எண்ணிட்டு இருக்காதீங்க, உடனே எடுங்க. சாட்டை எக்ஸ்போர்ட் பண்ற வசதி இருக்கு, அதை உங்க மெயிலுக்கே அனுப்பி வச்சுக்கலாம்.

எடுத்ததை எல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டு, ஃபைல் பேரையே தேதி, நேரம், இடம்னு வைங்க. கூடவே ஒரு சின்ன டைரி: எந்தத் தேதி, எங்க, யார், என்ன சொன்னாங்க, யார் யார் பார்த்தாங்க, நீங்க என்ன பண்ணீங்க. ரெண்டு வரி போதும். ஒவ்வொண்ணாப் பார்த்தா "சின்ன விஷயம்"னு தோணுறது வரிசையா நாப்பது எழுதி வச்சா வேற மாதிரி தெரியும், ஸ்கூல்ல போய் உக்காந்து பேசுறப்ப என் அக்காவுக்குக் கை குடுத்தது அந்த நோட்டுதான். திரும்பத் திரும்பப் படிக்க முடியலன்னா இந்த வேலையை நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட குடுத்துடுங்க, போனைக் குடுத்துட்டு அடுத்த ரூம்ல போய் உக்காருங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

இதுக்கெல்லாம் ஒரே ஒரு விதிவிலக்கு. பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்குற புள்ளையோட அந்தரங்கப் படம் சம்பந்தப்பட்டிருந்தா, ஆதாரத்துக்குன்னு கூட அந்தப் படத்தை எடுக்காதீங்க, சேவ் பண்ணாதீங்க, யாருக்கும் ஃபார்வர்டு பண்ணாதீங்க. பல நாடுகள்ல வச்சிருக்குறதே குற்றம். லிங்க், ஐடி, தேதி மட்டும் எழுதிட்டு நேரா போலீஸ்.

அஞ்சாவது படி: பதில் சொல்லணுமா வேண்டாமா

ட்ரோலுக்கு வேண்டாம். உங்க பதிலும் ஒரு கமெண்ட்தான், எண்ணிக்கை கூடுது, போஸ்ட் இன்னும் நாலு பேருக்குப் போகுது. அவன் சொன்னதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்க பக்கத்துல போட்டு "பாருங்க மக்களே"ன்னு பொங்குறீங்க பாருங்க, அது இன்னும் மோசம், இருபது பேர் பார்த்ததை ரெண்டாயிரம் பேருக்கு நீங்களே கொண்டு போய் சேர்க்குறீங்க. 2003ல பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் தன்னோட வீடு தெரியுற ஒரு கடற்கரைப் போட்டோவை நெட்ல இருந்து எடுக்கச் சொல்லி கேஸ் போட்டாங்க. கேஸ் போடுறதுக்கு முன்னாடி அந்தப் போட்டோவை டவுன்லோடு பண்ணது மொத்தம் 6 தடவை, அதுலயும் 2 அவங்க வக்கீலுங்களே பண்ணது. கேஸ் செய்தி வெளிய வந்த அடுத்த மாசம் அந்த சைட்டுக்கு 4 லட்சத்துக்கு மேல ஆள் வந்தாங்க. அதனாலதான் இதுக்குப் பேரே ஸ்ட்ரைசாண்ட் எஃபெக்ட்னு ஆயிடுச்சு.

ஆனா அவன் சொல்றது பச்சைப் பொய், அதைப் படிச்சு நாலு பேர் நம்பிடுவாங்கன்னா ஒரு பதில் போடலாம், ஒண்ணே ஒண்ணு. அவனைப் பார்த்துப் பேசாம படிக்குறவங்களைப் பார்த்துப் பேசுங்க, விவரம் மட்டும் போட்டுட்டு அந்தப் போஸ்ட்டோட நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிட்டு வெளிய வந்துடுங்க.

தெரிஞ்ச ஆள் தொடர்ந்து தொல்லை குடுக்குறான்னா கதை வேற. அங்க ஒரு தடவை தெளிவா எழுத்துல சொல்றது நல்லது: "நீ அனுப்புறது எனக்குப் பிடிக்கல, இதோட நிறுத்திக்கோ, இனி அனுப்புனா புகார் பண்ணுவேன்". திட்டு இல்லாம, விளக்கம் இல்லாம, கெஞ்சல் இல்லாம. அப்புறம் எதுக்கும் பதில் கிடையாது. நாளைக்கு "அவங்களுக்குப் பிடிக்கலன்னு எனக்குத் தெரியாது"ன்னு அவன் சொல்ல முடியாது.

போட்டோவை வச்சு மிரட்டிப் பணம் கேட்டா குடுக்காதீங்க. குடுத்தா முடிஞ்சுடும்னு நெனைப்பீங்க, குடுக்குற ஆளுன்னு தெரிஞ்சா அடுத்த வாரமும் வருவான். பேச்சை நிறுத்துங்க, சாட்டை அழிக்காம வைங்க, வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க. இதுல கஷ்டமான படி கடைசியில சொன்னதுதான், ஆனா அவன் கையில இருக்குற ஒரே ஆயுதம் "வீட்ல தெரிஞ்சுடும்"ன்ற பயம், நீங்களே சொல்லிட்டா பாதி ஆயுதம் போச்சு.

ஆறாவது படி: மியூட், ரெஸ்ட்ரிக்ட், பிளாக் மூணும் ஒண்ணு இல்ல

மியூட் பண்ணா அவன் உங்களுக்குத் தெரிய மாட்டான், அவனுக்கு நீங்க தெரிவீங்க, மியூட் ஆனது அவனுக்குத் தெரியாது. சும்மா எரிச்சல் பண்ற ஆளுக்கு இது போதும். பிளாக் பண்ணா கண்டுபிடிச்சுடுவான், சிலபேர் அதையே வெற்றியா நெனைச்சு அடுத்த ஃபேக் ஐடியோட வருவாங்க. இதுக்கு நடுவுல இன்ஸ்டாகிராம் 2019ல கொண்டு வந்த ரெஸ்ட்ரிக்ட் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது, அவன் போடுற கமெண்ட் அவனுக்கு மட்டும்தான் தெரியும், மெசேஜ் ரிக்வெஸ்ட்ல போய் விழும், நீங்க படிச்சீங்களா ஆன்லைன்ல இருக்கீங்களான்னு காட்டாது, அவன்பாட்டுக்கு செவத்தோட பேசிட்டு இருப்பான். தினமும் நேர்ல மூஞ்சி பார்க்க வேண்டிய ஆளா இருந்தா, கிளாஸ்மேட், ஆபீஸ்ல கூட இருக்குறவர், சொந்தக்காரர், பிளாக்கை விட இது தேவலாம். யூடியூப்ல சேனல் வச்சிருக்குறவங்களுக்கும் இதே மாதிரி ஆளை மறைக்குற வசதி இருக்கு. எக்ஸ் தளத்துல மட்டும் கவனம், 2024 நவம்பர்ல இருந்து நீங்க பிளாக் பண்ண ஆளும் உங்க பப்ளிக் போஸ்ட்டைப் பார்க்கலாம், பதில் போடத்தான் முடியாது, பார்வையே படக்கூடாதுன்னா அக்கவுண்ட்டைப் பூட்டணும்.

வாட்ஸ்அப்ல யார் வேணா உங்களை க்ரூப்ல இழுத்துப் போடுற மாதிரி இருந்தா ப்ரைவசி செட்டிங்ல போய் க்ரூப்ஸ்னு இருக்கும், அதை காண்டாக்ட்ஸ் மட்டும்னு மாத்துங்க.

வார்த்தை ஃபில்டர் இருந்தா போடுங்க, ஆனா தமிழ்க் கெட்ட வார்த்தையை தமிழ் எழுத்துல மட்டும் போட்டுட்டு நிம்மதியா இருந்துடாதீங்க. நம்மாளுங்க முக்கால்வாசி இங்கிலீஷ் எழுத்துலதான் தமிழ்ல திட்டுவாங்க, அதுலயும் ஒருத்தன் ஒரு எழுத்தை டபுளா போடுவான், ஒருத்தன் நடுவுல புள்ளி வைப்பான், ஒருத்தன் ஸ்டார் போடுவான். ஒவ்வொரு வார்த்தைக்கும் அஞ்சாறு ஸ்பெல்லிங்காவது போட்டாத்தான் ஃபில்டர் வேலை செய்யும். உக்காந்து கெட்ட வார்த்தையா டைப் பண்றது ஒரு மாதிரிதான் இருக்கும், நான் ஒரு நாள் சாயந்திரம் முழுக்க இதைத்தான் பண்ணேன்.

ஏழாவது படி: ரிப்போர்ட் பண்றதுலயும் முறை இருக்கு

ப்ரொஃபைலை மட்டும் ரிப்போர்ட் பண்ணா பார்க்குறவருக்கு எதைப் பார்க்கணும்னே தெரியாது, அந்தக் குறிப்பிட்ட கமெண்ட்டை, மெசேஜைத் தனியா ரிப்போர்ட் பண்ணுங்க. காரணம் சரியா இருக்கணும், கொலை மிரட்டலை "எனக்குப் பிடிக்கல"ன்னு போட்டா ஒண்ணும் நடக்காது. நூறு பேரைக் கூட்டிட்டு வந்து மாஸ் ரிப்போர்ட் அடிக்கிறதும் நெனைக்குற அளவுக்குப் பலன் இல்ல, எத்தனை பேர் ரிப்போர்ட் பண்ணாங்கன்றதை வச்சு முடிவு பண்றதில்லன்னு ஃபேஸ்புக்கே சொல்லியிருக்கு. வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் பண்ணா அந்த ஆள் கடைசியா அனுப்புன 5 மெசேஜ் அவங்களுக்குப் போகும், அதனால திட்டு வந்த உடனே பண்ணுங்க, பத்து குட்மார்னிங் மெசேஜ் வந்ததுக்கப்புறம் இல்ல. "விதிமீறல் எதுவும் இல்லை"ன்னு பதில் வர்றது சகஜம், விட்டுடாதீங்க, அப்பீல் பட்டன் இருக்கும், குறிப்பா தமிழ்ல திட்டுனது மொழி புரியாமலே தப்பிச்சிருக்கலாம்.

அந்தரங்கப் படம் வெளிய போயிடுச்சு, இல்ல போயிடும்னு பயம்னா ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.ன்னு ஒரு இலவச சேவை 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு. படத்தை அவங்களுக்கு அனுப்ப வேண்டியதில்ல, உங்க போன்லயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி நம்பர் உருவாகும், அந்த நம்பர் மட்டும்தான் போகும், இதுல சேர்ந்திருக்குற கம்பெனிங்க அதே படம் தங்க தளத்துல ஏறுனா பிடிச்சுத் தூக்கிடும். பதினெட்டு வயசுக்கு முன்னாடி எடுத்த படம்னா இதே மாதிரி டேக் இட் டவுன்னு ஒண்ணு, அமெரிக்காவுல காணாமப் போன குழந்தைகளுக்கான மையம் நடத்துறது.

எட்டாவது படி: கதவைப் பூட்டுங்க, சட்டத்தையும் தெரிஞ்சுக்கோங்க

பாஸ்வேர்டை மாத்தி டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்க, எந்தெந்த போன்ல லாகின் ஆகியிருக்குன்னு பார்த்துத் தெரியாததைத் தூக்குங்க, முன்னாள் காதலர் போன்ல இன்னும் உங்க அக்கவுண்ட் ஓடிட்டு இருக்குறது நீங்க நெனைக்குறதை விட சகஜம். பழைய போஸ்ட்ல வீடு, வண்டி நம்பர், போற வர்ற நேரம் தெரியுற மாதிரி ஏதாவது இருந்தா மறைங்க. வாட்ஸ்அப்ல போட்டோவை டாக்குமெண்ட்டா அனுப்புனா எடுத்த இடத்தோட விவரமும் கூடவே போக வாய்ப்பு இருக்கு, சாதாரண போட்டோவா அனுப்புனா அது கழண்டுடும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூர்ல தொல்லையில இருந்து பாதுகாக்குறதுக்குன்னே 2014ல சட்டம் வந்துச்சு, நியூசிலாந்துல 2015ல, ஆஸ்திரேலியாவுல இதுக்குன்னே தனி கமிஷனர் இருக்காங்க. இந்தியாவுல ஆன்லைன்ல அசிங்கமா எழுதுறதைக் குற்றமாக்குன ஐடி சட்டத்தோட 66ஏ பிரிவுல உள்ள தள்ளிடுவேன்னு இன்னைக்கும் கமெண்ட்ல மிரட்டுற ஆளுங்க உண்டு, அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்லயே ரத்து பண்ணிடுச்சு, ஆனா அந்தரங்கப் படம் பத்தி புகார் வந்தா தளங்கள் அதை 24 மணி நேரத்துல எடுக்கணும்னு 2021 ஐடி விதிகள்ல வந்துச்சு, 2026ல அதை 2 மணி நேரமாக் குறைச்சாங்க. எந்த நாடா இருந்தாலும் உயிர் மிரட்டல், பணம் கேட்டு மிரட்டல், பின்தொடர்ந்து தொல்லை குடுக்குறது, அந்தரங்கப் படம், குழந்தை சம்பந்தப்பட்டது, இந்த அஞ்சுக்கும் ஆப்ல ரிப்போர்ட் பண்ணதோட நிறுத்தாம போலீஸுக்குப் போங்க.

ஒன்பதாவது படி: அடி வாங்குறது புள்ளைன்னா

போனைப் பிடுங்காதீங்க. இதை எத்தனை தடவை வேணா சொல்வேன். புள்ளைங்க வாயைத் திறக்காததுக்குப் பெரிய காரணமே "சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க"ன்ற பயம்தான், பிடுங்குனா அடிச்சவனை விட்டுட்டு அடி வாங்குனவளுக்குத் தண்டனை குடுத்த மாதிரி ஆயிடும்.

கேக்குற கேள்வியிலயும் இருக்கு. "ஏன் முன்னாடியே சொல்லல?", "நீ என்ன பண்ண?" இந்த ரெண்டையும் முழுங்கிடுங்க. நான் மூணு மாசம் கழிச்சு ராத்திரி அவ பக்கத்துல படுத்துட்டு, "அன்னைக்கு நான் சொன்னது தப்புடி, எனக்குப் புரியல, இப்ப சொல்லு"ன்னு கேட்டேன். உடனே எல்லாம் கொட்டிடல. ரொம்ப நேரம் ஃபேனைப் பார்த்துட்டு இருந்தா, அப்புறம் போனை எங்கிட்ட நீட்டுனா. பேசவே இல்ல, நீட்டுனா அவ்ளோதான். அந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். உங்களுக்கோ எனக்கோ அதுல ஒண்ணுமே தெரியாது, ஒரு புள்ள வாயைக் கோணிட்டு இருக்கு, அவ்ளோதான். அதான் பெரியவங்க சிரிச்சுட்டு விட்டுடுறோம்.

அடுத்து என்ன பண்ணலாம்ன்றதையும் அவங்களையே கேட்டு முடிவு பண்ணுங்க. கேக்காம நேரா ஸ்கூலுக்குப் போய் சத்தம் போட்டா மறுநாள் அதுக்கும் ஒரு ஸ்டிக்கர் வரும். எங்க வீட்ல அவ சம்மதிச்சதுக்கப்புறம்தான் அக்கா போனாங்க, நோட்டையும் ஃபோல்டரையும் எடுத்துட்டு, கத்தாம. முதல் நாள் "பசங்க விளையாட்டு"ன்னுதான் பதில் வந்துச்சு, அக்கா ஒண்ணும் சொல்லாம தேதியை மட்டும் வரிசையா வாசிச்சிருக்காங்க. அந்த க்ரூப்பைக் கலைக்க வச்சாங்க. ஸ்டிக்கர் எத்தனை போன்ல இன்னும் இருக்குன்னு யாருக்குத் தெரியும்.

திடீர்னு ஸ்கூல் போற காலைல மட்டும் வயித்து வலி, அக்கவுண்ட்டை அழிச்சுட்டு புதுசு ஆரம்பிக்கிறது, தூக்கம் கெடுறது, பிடிச்சதை எல்லாம் விடுறது, இதெல்லாம் கவனிங்க. "செத்துடலாம் போல இருக்கு"ன்னு புள்ளையோ பெரியவங்களோ யார் சொன்னாலும் அதைப் பேச்சுக்குச் சொல்றதா எடுத்துக்காதீங்க, தனியா விடாதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்டயோ உங்க ஊர் ஹெல்ப்லைன்லயோ பேசுங்க. ஆதாரம், புகார் எல்லாம் அப்புறம்.

பத்தாவது படி: வேடிக்கை பார்க்குறவங்களுக்கு

அந்த ஸ்டிக்கர் க்ரூப் இருக்குறதே எங்களுக்குத் தெரிய வந்தது அதே க்ரூப்ல இருந்த ஒரு பொண்ணு ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்புன ஸ்க்ரீன்ஷாட்டாலதான். 1968ல டார்லி, லத்தானேன்னு ரெண்டு பேர் சோதனை பண்ணிக் காட்டுனாங்க, பக்கத்துல எத்தனை பேர் அதிகமா இருக்காங்களோ அத்தனைக்கு ஒவ்வொருத்தனும் "வேற யாராவது பார்த்துப்பாங்க"ன்னு நிப்பான்னு. முப்பத்தெட்டு பேர் இருக்குற க்ரூப்ல ஒருத்தி அனுப்பினா, அதுவே பெருசு.

நீங்க அங்க போய் சண்டை போட வேண்டாம். பாதிக்கப்பட்டவங்களுக்கு இன்பாக்ஸ்ல ஒரு வரி, "பார்த்தேன், அவங்க பண்றது தப்பு, ஸ்க்ரீன்ஷாட் என்கிட்ட இருக்கு, வேணும்னா சொல்லு". அப்புறம் ரிப்போர்ட். கண்டிக்கிறேன்னு சொல்லிட்டு அதே வீடியோவை ஷேர் பண்ணாதீங்க, சிரிக்கிற ஸ்மைலியும் போடாதீங்க.

கடைசிப் படி: அந்த ட்ரோலே நீங்களா இருந்தா

மேல சொன்ன 35 சதவீதம், 68 சதவீதம் எல்லாம் சாதாரண ஆளுங்கதான், அதனால கேக்குறேன். நானும் பண்ணியிருக்கேன், ஒருத்தர் எழுதின கவிதையை க்ரூப்ல வச்சு நாலு பேர் ஓட்டிட்டு இருந்தப்ப நானும் சேர்ந்து ஒரு வரி போட்டேன், அதுக்குத்தான் அதிக லைக் விழுந்துச்சு, அவர் மறுநாள் க்ரூப்பை விட்டே போயிட்டார்.

அப்படி ஏதாவது இருந்தா, மொதல்ல அந்தக் கமெண்ட்டை எடுங்க. அப்புறம் மன்னிப்பு, எங்க திட்டுனீங்களோ அங்கேயே, நாலு பேர் முன்னாடி திட்டிட்டு இன்பாக்ஸ்ல ரகசியமா சாரி சொல்றது கணக்குல சேராது. "உங்க மனசு புண்பட்டிருந்தா"ன்னு ஆரம்பிக்காதீங்க, "நான் சொன்னது தப்பு"ன்னு ஆரம்பிங்க. அவங்க பதில் சொல்லணும்னு எதிர்பார்க்காதீங்க. நான் அவருக்கு எழுதி ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது, ரெண்டு ப்ளூ டிக் இருக்கு, பதில் வரல.